வாட்ச்டாக் இருந்தும் மோட்டார் ஏன் விடிய விடிய ஓடியது?

கேள்வி: எங்கள் மல்லிகைத் தோட்டத்துச் சொட்டுநீர் மோட்டாரை ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினிப் பலகை ஒன்று இயக்குகிறது. நிரல் நின்றுபோனால் பலகை தானே ரீபூட் (மறுதொடக்கம்) ஆகட்டும் என்று, உறைந்த கணினியை மீட்கும் காவல் கணக்கியான வாட்ச்டாக்குக்குரிய லினக்ஸின் '/டெவ்/வாட்ச்டாக்' கோப்பைத் திறந்து, தனி திரெட்டிலிருந்து (நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழை) 5 வினாடிக்கு ஒருமுறை எழுதிவருகிறேன். போன வாரம் ஈரப்பத சென்சார் பதில் தராமல் நிரல் மாட்டிக்கொண்டது. மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ எடுக்க விடியலில் போனபோது பாத்தியெல்லாம் சேறு. ஆனால் நானே கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் சில வினாடிகளில் பலகை ரீபூட் ஆகிவிடுகிறது. ஏன்?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: வாட்ச்டாக் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்ததுமே சில்லுக்குள் இருக்கும் கணக்கி இறங்கத் தொடங்கும். நீங்கள் எதை எழுதினாலும் அது மீண்டும் முழு அளவுக்கு ஏறிவிடும். எழுதுவது நின்று, அது பூஜ்யத்தைத் தொட்டால்தான் பலகை ரீபூட் ஆகும். அன்றிரவு சென்சாரைப் படிக்கும் திரெட் உறைந்து நிற்க, எழுதும் திரெட் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. மோட்டாரைப் பற்றி எதுவும் அறியாத திரெட் 'எல்லாம் நலம்' என்று சொல்வதை வாட்ச்டாக் நம்பத்தான் செய்யும். தனி திரெட்டை எடுத்துவிடுங்கள். சென்சார் அளவு வந்து, ரிலேயின் (மோட்டாரை இயக்கி அணைக்கும் மின் சுவிட்ச்) நிலை முடிவாகி, ஒரு சுற்று முழுமையாக முடிந்த இடத்தில் மட்டுமே எழுதுங்கள். உங்கள் பலகையின் கணக்கி 16 வினாடிக்கு மேல் எண்ணாது. ஆகவே காலக்கெடுவை 15 வினாடியாக வைத்து, சுற்று அதற்குள் தாராளமாக முடிகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். காலக்கெடுவை அமைக்கும் அழைப்பு, உண்மையில் கிடைத்த மதிப்பை அதே மாறியில் திருப்பி எழுதும். அதை அச்சிட்டுப் பார்ப்பது நல்லது.

கன்ட்ரோல்-சி விஷயத்துக்கு வருவோம். நிரல் மடியும்போது கோப்பும் மூடப்படுகிறது என்றாலும், அறிந்தே மூடியதற்கு அடையாளம் இல்லாததால் கணக்கி நிற்பதில்லை. மூடுவதற்கு முன் ஆங்கிலப் பெரிய எழுத்து 'வி'யைக் கடைசியாக எழுத வேண்டும். 'மேஜிக் குளோஸ்' என்பது இதுதான். தொடங்கிய கணக்கியை நிறுத்தவே விடாத 'நோவேஅவுட்' அமைப்பு இயக்கத்தில் இருந்தால் இதுவும் செல்லாது. ஆளில்லாத தோட்டத்துப் பலகைக்கு நான் நோவேஅவுட்டையே விரும்புவேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரீபூட்டின்போது ரிலேயை இணைக்கும் ஜிபிஐஓ பின்கள் உள்ளீட்டு நிலைக்குத் திரும்பும். அந்நிலையில் மோட்டார் அணையும்படி ரிலே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பகலில் மோட்டாரை ஓடவிட்டு, நிரலுக்கு 'ஸ்டாப்' சிக்னல் கொடுத்து உறையவைத்து, பம்ப் ஷெட்டில் பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஏறத்தாழ 15 வினாடியில் ரிலே 'டக்' என்று விடுபடும் சத்தம் கேட்க வேண்டும்.