தேவதூதர்களைச் சுட்டது யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை விஷயமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். சஃபோக் வட்டாரத்தில் பிளைத்பர்க் என்ற சிற்றூரின் தூய திரித்துவ ஆலயத்துக்குப் போயிருந்தேன். கூரையில் இருக்கும் மரத் தேவதூதர்களைக் கிராம்வெல்லின் ஆட்கள் சுட்டார்கள், குண்டுத் துளைகள்கூட உண்டு என்றார் உடன் வந்த நண்பர். உண்மைதானா? அவ்வளவு சின்ன ஊருக்கு இத்தனை பெரிய ஆலயம் எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் நண்பர் சொன்னதை அங்கே வெகுகாலம் எல்லாருமே நம்பினார்கள். 1644 ஏப்ரலில் வில்லியம் டௌசிங் அந்த ஆலயத்துக்கு வந்தது நிஜம். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. கிராம்வெல் இருந்த நாடாளுமன்றத் தரப்பின் ஆணையோடு ஊர் ஊராகப் போய்ச் சிலை, ஓவியம், வண்ணக் கண்ணாடி என்று உடைத்துத் தள்ளியவர் அவர். செய்ததை நாட்குறிப்பாகவும் எழுதிவைத்தார், அதன் நகல் இன்றும் இருக்கிறது. பிளைத்பர்க்கில் 20 தேவதூதர்களை இறக்க வேண்டும் என்று அதில் குறித்திருக்கிறார். சுட்டதாக ஒரு வரி இல்லை. பிற்பாடு பழுது பார்த்தபோது மரத்திலிருந்து எடுத்த ஈயச் சன்னங்களும் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்த நூற்றாண்டின் ஆலயக் கணக்கேட்டில், உள்ளே வந்து அடைந்த ஜாக்டா பறவைகளைச் சுடுவதற்காக மருந்துக்கும் சன்னத்துக்கும் ஆன செலவு பதிவாகியிருக்கிறது. ஜாக்டா நம் காக்காயின் சின்ன உறவு. காக்காய்க்கு வைத்த குறி தேவதூதர் மேல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாவம் டௌசிங், செய்யாததும் அவர் கணக்கில் ஏறிவிட்டது.

15-ஆம் நூற்றாண்டில் அது இப்படி ஒடுங்கிப்போன ஊர் இல்லை. பிளைத் ஆற்றில் சரக்குப் படகுகள் வந்துபோயின. பக்கத்திலேயே ஓர் அகஸ்டீனிய மடம். 1412-இல் புதுப்பிக்க அனுமதி கிடைத்ததும், பழைய கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் புதிதாக எழுப்பினார்கள். சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது ஃபிளின்ட் என்னும் சிக்கிமுக்கிக் கல். அதை உடைத்துக் கறுத்த முகம் வெளியே தெரியப் பதிப்பார்கள், வெளியிலிருந்து வந்த வெளிர்கல்லை வெட்டி இடையில் பொருத்தி உருவம் காட்டுவார்கள். கீழைச் சுவருக்கு வெளியே, ஜன்னலுக்கு அடியில் ஒரு வரிசை எழுத்து இப்படித்தான் பதிந்திருக்கிறது.

கூரையில் தேவதூதர்கள் முதுகோடு முதுகு ஒட்டி இறக்கை விரித்திருப்பார்கள். சட்டங்களில் பழைய சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரியும், அதன்மேல் யாரும் மறுபடி வண்ணம் பூசவில்லை. கையில் காசில்லாததுதான் காரணம் என்பேன். 1537 வாக்கில் மடம் கலைக்கப்பட்டது, அப்புறம் ஆறு தூர்ந்தது. 1577 ஆகஸ்ட் 4-ஆம் தேதிப் புயலில் கோபுரத்தின் கூம்பு கூரையைப் பிளந்துகொண்டு விழ, ஒரு ஆளும் ஒரு சிறுவனும் செத்தார்கள். வடக்குக் கதவில் இருக்கும் கருகல் தழும்புகள் அன்று வந்த பேய்நாயின் நகக்கீறல் என்று சொல்வார்கள். எனக்கு மெழுகுவத்திச் சூடாகத்தான் படுகிறது. 1881-இல் இடிந்து விழும் நிலை என்று ஆலயத்தையே மூடிவிட்டார்கள். பணக்கார ஊராக இருந்திருந்தால் அதற்குள் விக்டோரியா காலத்துப் புதுப்பிப்பாளர்கள் எல்லாவற்றையும் பளபளவென்று மாற்றியிருப்பார்கள். பல ஊர்களில் நடந்தது அதுதான்.

மறுபடி போனால் பெஞ்சுகளின் ஓரச் செதுக்கல்களைப் பாருங்கள். பாவங்களை மனித உருவில் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறது, பேராசை பணப்பெட்டி மேல், பெருந்தீனிக்கு நல்ல தொப்பை. எனக்குக் கூரையைவிட அவர்கள்தான் பிடித்தம்.