விதி எல்லோருக்கும் ஒன்று, பலன்?

கேள்வி: முனைவர் பட்டம் வாங்குவோரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள். நியமனம், பதவி உயர்வு, விடுப்பு எல்லாவற்றிலும் இருபாலருக்கும் ஒரே விதி. இதற்கு மேலும் பல்கலைக்கழகம் என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு துறைத்தலைவர்

பதில்: பாதி என்ற கணக்கு சரி. ஆனால் வாசலோடு எண்ணுவதை நிறுத்திவிட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இல் முனைவர் பட்டம் பெற்றவர்களில் 48 விழுக்காடு பெண்கள். அதே ஆண்டில் பேராசிரியர் பதவியின் மேல்தட்டில் இருந்தவர்களில் பெண்கள் 26 விழுக்காடுதான். 'படிப்பவர்கள் நாளை மேலே வருவார்கள், பொறுங்கள்' என்பதை ஒரு தலைமுறையாகக் கேட்டாயிற்று.

சரி, உங்கள் ஒரே விதிக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் ஆசிரியர் ஒரு கெடுவுக்குள் போதிய ஆய்வுகளை வெளியிட்டால்தான் பணி நிரந்தரம். பலர் குழந்தை பெறுவதும் அந்த ஆண்டுகளில்தான். ஆகவே குழந்தை பிறந்தால் தாய், தந்தை இருவருக்குமே கெடுவை நீட்டிக் கொடுத்தார்கள். முன்னணிப் பொருளியல் துறைகளில் இதன் விளைவை ஆராய்ந்து மூன்று பொருளியலாளர்கள் 2018-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இந்த விதி வந்த பிறகு, முதலில் சேர்ந்த இடத்திலேயே நிரந்தரமாகும் ஆண்களின் விகிதம் கிட்டத்தட்ட இருபது விழுக்காட்டுப் புள்ளி ஏறியது. பெண்களுடையது ஏறக்குறைய அதே அளவு இறங்கியது! கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. கூடுதலாகக் கிடைத்த காலத்தில் ஆண்கள் முதல்தர இதழ்களில் கட்டுரை போட்டார்கள். தாய்மார்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (தந்தையருக்குச் சலுகையே கூடாது என்று நான் எழுதியதாக யாரும் கடிதம் போட வேண்டாம். விதி போட்டவர்கள் அதன் பலனையும் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.)

இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு உத்தரவு போடுவார்கள். துறையில் இருப்பதே மூன்று பெண்கள், குழுக்களோ பத்து. அப்புறம் அவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு எப்போது போவது? பதவி உயர்வு வரும்போது கட்டுரைகளைத்தான் எண்ணுவார்கள், குழு வேலையை அல்ல. பாலினச் சமத்துவக் குழுவும் அந்தப் பத்தில் ஒன்று என்பதுதான் கூத்து.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிரியலாளர் 1990-களில் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடங்களை அளந்தார். ஆண் சகாக்களுக்கு இருந்ததைவிடத் தனக்கு இடம் குறைவு என்று அவர் சொன்னதை அதுவரை யாரும் நம்பவில்லை. பிறகு மற்றப் பெண் பேராசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். இடம், சம்பளம், பொறுப்புகள் எல்லாவற்றிலும் வேறுபாடு இருந்ததை 1999 அறிக்கையில் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அங்கும் விதி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

உங்களுக்கு டேப்கூட வேண்டாம். துறைக் கூட்டங்களின் பதிவேட்டை எடுங்கள். கடந்த ஓராண்டில் குறிப்பு எழுதியவர்கள் யார் யார் என்று எண்ணிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போதும் உங்கள் பெயரைப் போட மாட்டோம்.