வக்கீல் பாதியில் விலகினால்

தம்பி, நியூஜெர்சி வந்து ஒன்றரை வருடம். கார் விபத்து வழக்கில் தேதி குறித்த பிறகு வக்கீல் விலகுகிறேன் என்கிறார், விலக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூரியில், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், நம் நிறத்து ஆட்களை எதிர்த்தரப்பு கழித்துவிட்டால் என்ன செய்வது என்றும்.

முதல் விஷயத்தில் நானும் அடிபட்டவன். வாடகை வீட்டு வழக்கில் என் வக்கீல் இரண்டு வரி ஈமெயில் அனுப்பிவிட்டுக் கைகழுவினார். அதுதான் முடிவு என்று நம்பி வேறு ஆள் தேடி அலைந்தேன். தப்பு பண்ணிவிட்டேன். சிவில் வழக்கில் விசாரணைத் தேதி குறித்துவிட்டால், நீங்கள் எழுத்தில் சம்மதித்து அவர் இடத்துக்கு வேறொரு வக்கீல் வர வேண்டும். இல்லையென்றால் அவர் நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். "நீயே நடத்து" என்று நீதிபதி சொன்னால், காரணம் நியாயமாகவே இருந்தாலும் நடத்தியாக வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாட்சியில் எதையாவது கூட்டியோ குறைத்தோ சொல்லலாமா என்று அவரிடம் கேட்டீர்களா? பொய்ச் சாட்சிக்கு அவர் துணைபோகக் கூடாது. உங்கள் ரகசியத்தைக் காப்பது அவர் கடமை, அதனால் காரணத்தைப் பொதுவாகக் கோர்ட்டில் போட்டு உடைக்க மாட்டார்; ஆனால் நீங்கள் கோர்ட்டை ஏமாற்றப் போகிறீர்கள் என்று நியாயமாக நம்பினால், அதைத் தடுக்கத் தேவையான அளவு சொல்லியாக வேண்டும் என்பது நியூஜெர்சி விதி. அதுதான் காரணம் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அனுமதி கிடைத்தே விலகினாலும், வேறு வக்கீல் பார்க்க உங்களுக்கு அவகாசம் தரவேண்டும். உங்கள் காகிதங்களையும், செய்யாத வேலைக்கு வாங்கிய முன்பணத்தையும் திருப்பித் தரவேண்டும். என் ஃபைல் ஐந்து வாரம் கழித்து அட்டைப்பெட்டியில் வந்தது. கூரை ஒழுகிய போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விசாரணைக்கு நாலு நாள்தான் பாக்கி. அதனால் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

ஜூரி விஷயம். காரணம் சொல்லாமலே சிலரைக் கழிக்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு. இங்கே சிவில் வழக்கில் ஆளுக்கு 6 பேர். ஆனால் இனத்துக்காகக் கழிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல் கிரிமினல் வழக்கிலும், 1991-இல் சிவில் வழக்கிலும் சொல்லிவிட்டது. சிட்டிசன் ஆன பிறகு நானே ஜூரி அழைப்பில் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கறுப்பினப் பெண்மணியைக் கழித்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எங்களுக்குக் கேட்காதபடி இரைச்சல் ஒலியைப் போட்டுவிட்டு நீதிபதியிடம் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பை இன்னும் தோளிலேயே இருந்தது.

ஆட்சேபணையை அப்போதே எழுப்ப வேண்டும், ஜூரி உறுதிமொழி எடுப்பதற்குள். புது வக்கீலைப் பார்க்கும்போது இதையும் கேட்டுவிடுங்கள்.