மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பெறுபவரின் குடும்பத்துக்கு எப்படித் துணை நிற்பது?

உங்கள் தோழியின் கணவருக்கு மூளைக் கட்டி அறுவை முடிந்து அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்குகிறது என்றும், உதவி வேண்டுமா என்று எப்போது கேட்டாலும் தோழி "ஒன்றும் வேண்டாம்" என்றே சொல்லிவிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே பதிலை நானும் என் அண்ணியும் பல மாதங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். உதவி தேவைப்படாமல் அப்படிச் சொல்லவில்லை. எது தேவை என்று யோசித்துச் சொல்லும் தெம்புகூட எங்களிடம் மிச்சமில்லை.

என் அண்ணனுக்கு வந்தது கிளியோபிளாஸ்டோமா என்ற, வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி. பேச்சுக்குச் சொற்களை எடுத்துக் கொடுக்கும் பகுதியை ஒட்டி, மூளையின் இடப்பக்கத்தில் இருந்தது. அறுவைக்குப் பிறகு, 2005 முதல் இந்நோய்க்கு வழக்கமாக இருந்துவரும் சிகிச்சையையே அவருக்கும் கொடுத்தார்கள்: வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரம் கதிர்வீச்சு, அந்த 6 வாரமும் நாள்தோறும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை, சில வார இடைவெளிக்குப் பின் 28 நாளுக்கு 5 நாள் என்ற கணக்கில் அதே மாத்திரை. ஒவ்வொரு முறையும் தலை அசையாமலிருக்க முகத்தின் மேல் வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். அவர் வெளியே வரும்போது நெற்றியில் சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சு பதிந்திருக்கும். வீடு வந்து சேர்ந்த பிறகும் அது மறைந்திருக்காது.

ஆனால் எங்களை உடைத்தது கதிர்வீச்சு அல்ல. மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாழ்நாளில் குரலை உயர்த்தாத என் அண்ணன், இரவு 2 மணிக்கு எழுந்து அலமாரியை ஏன் இடம் மாற்றினீர்கள் என்று அண்ணியிடம் கத்தத் தொடங்கினார். அண்ணி, 'இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த வெறுப்பு இப்போது வெளியே வருகிறது போலும்' என்று என்னிடம் சொல்லி அழுதார். மூன்று வாரம் அதை நம்பியே அவர் வாழ்ந்தார். கடைசியில் கதிர்வீச்சு அறைக்கு வெளியே ஒரு செவிலியர்தான், "இரண்டாவது வேளை மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். இரவு 9 மணிக்கு என்றோம். அந்த மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும், மருத்துவரிடம் கேட்டு நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மருத்துவரும் ஒப்புக்கொண்டார். சில நாள்களில் அண்ணன் விடியும்வரை தூங்கினார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த நான்கு பக்கத் தாளில் தையல் பிரிக்கும் தேதி இருந்தது, கட்டணக் கணக்கு இருந்தது, இந்த ஒரு வரி இல்லை. அந்த மூன்று வாரத்தை அண்ணிக்கு யாரும் திருப்பித் தர முடியாது என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் மருத்துவன் அல்லன். மருந்தைக் குறை சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாமல் வீக்கம் அடங்கியிராது என்பதும், அதைத் தாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும் எனக்குத் தெரியும். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து அதுவேகூட ஒருவரின் சுபாவத்தை மாற்றிவிடும். ஆகவே உங்கள் தோழியின் கணவர் சுடுசொல் பேசினால், அது நோயும் மருந்தும் சேர்ந்து பேசுவதாக இருக்கக்கூடும் என்பதைத் தோழியிடம் எடுத்துச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான்.

அண்ணனுக்குச் சொற்கள் தடுமாறின. ஒரு நாள் "சாவி, சாவி" என்று மேசையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தோம், தள்ளிவிட்டார். அண்ணி மேசையிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், மூக்குக் கண்ணாடியைத் தொட்டபோதுதான் அவர் முகம் தெளிந்தது. சொல் மட்டும்தான் வழிதவறியது. நாங்கள் பேசியது அவருக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது. பார்க்க வந்த உறவினர்கள் சிலர் அவர் தலைமாட்டிலேயே நின்று, "எவ்வளவு நாள் என்று சொல்லியிருக்கிறார்கள்?" என்று அண்ணியிடம் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். நீங்கள் போனால் அவரிடமே பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள், சொல்லை முந்திக்கொண்டு நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.

ஸ்கேன் எடுக்கும் நாளில் முடிவு என்ன என்று கேட்டுத் தொலைபேசி செய்யவும் வேண்டாம். கதிர்வீச்சு முடிந்த முதல் சில மாதங்களில் கட்டி வளர்ந்தது போலவே படத்தில் தெரிந்து, பின்னர் தானாகக் குறைவது உண்டு. எங்களுக்கும் அப்படி நேர்ந்தது. அடுத்த ஸ்கேன் வரையிலான அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி அண்ணி ஓய்ந்துபோனார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அண்ணியின் அலுவலகத் தோழி ஒருவர் எதையும் கேட்கவில்லை. "செவ்வாய்க்கிழமைகளில் கதிர்வீச்சுக்கு நான் அழைத்துப் போகிறேன், நீ தூங்கு" என்று கிழமையோடு சொன்னார். அதற்கு முன் எங்களிடம் கேட்டுச் சிலவற்றைத் தெரிந்துகொண்டார்: வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். அண்ணனுக்கு வலப்பக்கப் பார்வை குறைந்திருந்ததால் எப்போதும் இடப்பக்கமாகவே உட்கார்ந்தார். முதல் செவ்வாய்க்கிழமை அண்ணி தூங்கவில்லை, மூன்று முறை தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். இரண்டாவது செவ்வாயன்று நான் போனபோது, வாசல்வரை வந்து அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பியவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.