ஆராய்ச்சித் தரவு மேலாண்மை என்றால் என்ன? பல்கலைக்கழகங்களுக்கு அது ஏன் தேவை?

ஆய்வுக்காக எடுத்த அளவீடு, படம், குறிப்பு எல்லாவற்றையும் பின்னால் வருகிறவர் விளங்கிக்கொண்டு பயன்படுத்தும்படி வைப்பதுதான் தரவு மேலாண்மை.

மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, பவளப்பாறைகள் நிறமிழந்து வெளுத்தன. அடுத்த முறை வெளுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அன்றைய அளவீடுகள் வேண்டும். அந்த நாளுக்குத் திரும்பிப்போய் யாராலும் அளக்க முடியாது. ஆனால் மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பென்டிரைவ். உள்ளே 'கடைசி-புதுசு-2' என்றொரு கோப்பு. அதில் 'வெ' என்ற தலைப்பில் எண்கள் அடங்கிய ஒரு நெடுவரிசை. வெப்பநிலையா, வெளிச்சமா? எந்தத் தீவு, எத்தனை அடி ஆழம்? சொல்ல ஆளில்லை. நாடு முழுவதிலுமிருந்து முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் சேர்கின்றன, நல்ல விஷயம். அவற்றுக்கு அடிப்படையான தரவும் அப்படிச் சேர வேண்டும் என்பதே என் ஆசை.

பாம்பன் கரையில் மீனை அப்படியே போட்டால் சாயங்காலமே நாறிவிடும். கீறி, உப்பிட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் கருவாடாக இருக்கும். அந்த வேலையைப் பிடித்த அன்றே செய்ய வேண்டும். தரவும் அப்படித்தான்: தேதி, இடம், அலகு, கருவி எல்லாம் அன்றே எழுதியாக வேண்டும். இதற்கென்று பல்கலைக்கழகம் ஒரு ஆளையும் ஒரு சேமிப்பகத்தையும் ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

தரவு மேலாண்மை என்றால் எல்லாவற்றையும் ஊருக்கே திறந்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கடற்பசு எங்கே மேய்கிறது என்ற தரவை வேட்டைக்காரர் கைக்குப் போகாமல் பூட்டிவைத்து, யார் கேட்டால் கொடுக்கலாம் என்று எழுதிவைப்பதும் அதில் அடக்கம்.