சிறுவர் பட்டியலில் பெரியவர் நாவல்: நீக்கணுமா?

உங்கள் புத்தகத் தளத்தில் சிறுவர் பட்டியலில் பெரியவர்களுக்கான நாவலும் வருகிறது, அதை நீக்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். நீக்க வேண்டாம், சிறுவர் பிரிவிலிருந்து வெளியே எடுத்தால் போதும். பிள்ளைகள் பட்டியலில் இது எதற்கு என்று உங்கள் வாசகர் தேவகோட்டை ஆச்சி கேட்டதும் நியாயம்தான். ஆனால் அதற்காகப் பெரியவர்கள் வாங்கும் நாவலைத் தளத்திலிருந்தே தூக்குவது அதிகம்.

நாவல் அங்கே வரக் காரணம் பெரும்பாலும் குறிச்சொல், அதாவது தேடுவதற்காகப் புத்தகத்தோடு சேர்க்கும் ‘டேக்’. சிறுவர் கதைக்கும் நாவலுக்கும் ‘செட்டிநாடு’, ‘கதைகள்’ என்றே போட்டிருப்பீர்கள். அட்டையிலும் அதே தேக்குத் தூண்கள் வேறு!

1. லாக் அவுட் செய்து, போனில் ‘அப்பத்தா கதை’ என்று தேடுங்கள். நாவல் வந்தால் குறிச்சொல்லை மாற்றுங்கள்.

2. ‘இதையும் பாருங்கள்’ பகுதியையும் சோதியுங்கள். அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘எனக்கு 18 வயது’ பொத்தானை நம்ப வேண்டாம், பிள்ளைகள் அழுத்திவிடுவார்கள்.

ஒன்று மட்டும்: குழந்தைகளையே ஆபாசமாகக் காட்டும் படைப்பென்றால் பிரிவு மாற்றும் பேச்சே இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 67பி பாயும். உடனே இறக்கிவிட்டு வக்கீலைப் பாருங்கள்.