கூரையை வெட்டிய கார் அரிய கார் ஆகுமா?

கேள்வி: பழைய சொகுசுக் கார்கள் விற்கும் ஒரு டீலரிடம் எட்டு மாதங்களுக்கு முன் 1961ஆம் ஆண்டு ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கிளவுட் 2 வாங்கினேன். ‘எச்.ஜே. முல்லினர் டிராப்ஹெட், மிக அரிது’ என்று விளம்பரத்திலும் பில்லிலும் எழுதியிருந்தார்; முல்லினர் என்ற பாடி கட்டும் நிறுவனம் செய்த, கூரை மடக்கும் கார் என்று பொருள். நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். போன மாதம் இன்சூரன்ஸுக்காக வந்த மதிப்பீட்டாளர், இது சாதாரண நான்கு கதவு சலூன் (கூரை மடக்க முடியாத மூடிய கார்) என்றும், பிற்காலத்தில் யாரோ கூரையை வெட்டி இரண்டு கதவு வண்டியாக மாற்றியிருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டார். டீலரோ, “இதுபோல இன்னொன்று உலகத்திலேயே இல்லை, அப்படியானால் இன்னும் அரிதுதானே? பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: இழப்பீடு கேட்க உங்களுக்கு வலுவான வழக்கு இருக்கிறது. வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்குவது அதைவிடக் கடினம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும், இலங்கையின் 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், மலேசியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டவை. அதனால் அடிப்படை விதிகள் பொதுவானவை.

டீலர் எழுதிய வரியை இரண்டாகப் பிரியுங்கள். ‘மிக அரிது’ என்பது சரக்கைப் புகழும் பேச்சு. எத்தனை இருந்தால் அரிது என்று எந்த நீதிபதியாலும் அளக்க முடியாது; அதை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டால் தோற்பீர்கள். ‘எச்.ஜே. முல்லினர் டிராப்ஹெட்’ என்பது அப்படியல்ல. இந்த வண்டியின் பாடியை யார், எந்த வடிவில் செய்தார்கள் என்று சொல்லும் தகவல் அது. உண்மையா பொய்யா என்று சரிபார்க்க முடியும். உங்கள் வழக்கு முழுவதும் அந்த மூன்று சொற்களில்தான் நிற்கிறது.

விலையும் அங்கேதான் இருக்கிறது. சில்வர் கிளவுட் 2 இரண்டாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது, பெரும்பாலானவை சலூன்கள். கூரையை மடக்கும்படி முல்லினர் மாற்றியமைத்தவை 107 மட்டுமே. வாங்குபவர் அந்த 107இல் ஒன்றுக்காகத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறார். யார் வேண்டுமானாலும் ஒரு சலூனை வெட்டி ஒட்டலாம். வெட்டிய ஒவ்வொன்றும் ‘உலகில் ஒன்றே ஒன்று’தான். அந்த ஒற்றைத் தன்மைக்குச் சந்தை தனி விலை தருவதில்லை, பல நேரம் குறைத்தே தருகிறது. பிற்கால மாற்றம் மதிப்பைக் கூட்டிய வண்டிகளும் உண்டு. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன் 1967இல் மஞ்சள் அடித்துப் பூவேலை தீட்டவைத்த ரோல்ஸ்ராய்ஸ் பேண்டம் 5, 1985 ஏலத்தில் ஏறக்குறைய 23 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வண்ணம் யாருடையது, எப்போது பூசப்பட்டது என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. தொழிற்சாலையிலேயே பூசியது என்று சொல்லி யாரும் அதை விற்கவில்லை.

அடுத்து, ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்ற கேள்வி. இதற்கு உங்களுக்கென்றே அமைந்ததுபோல ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1967இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு டிரையம்ப் ஹெரால்டு கார் வழக்கு வந்தது. 1961 மாடல் கன்வெர்ட்டிபிள் (கூரை மடக்கும் கார்) என்று விளம்பரம். வாங்கியவர் நேரில் பார்த்து, பின்பக்கம் இருந்த ‘1200’ பேட்ஜையும் பார்த்து வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, பின்பாதி மட்டுமே 1961 வண்டி, முன்பாதி அதற்கும் பழைய ஒரு ஹெரால்டு, இரண்டையும் நடுவில் வெல்டிங் செய்திருந்தார்கள். விற்றவர் டீலர்கூட இல்லை, அவருக்கே விஷயம் தெரியாது. கீழ்நீதிமன்றம் விற்றவர் பக்கம் நின்றது, மேல்முறையீட்டில் வாங்கியவர் வென்றார். கண்ணால் பார்த்த பொருளானாலும் விவரிப்பை நம்பி வாங்கியிருந்தால் அது விவரிப்பின்படி நடந்த விற்பனைதான் என்பது தீர்ப்பு. ‘உள்ளது உள்ளபடி விற்பனை’ என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் பதற வேண்டாம். தேய்மானத்துக்கும் பழுதுக்கும் அந்த வாசகம் உதவலாம். சொன்ன பொருளே வேறாக இருக்கும்போது எளிதில் உதவாது.

விற்றவர் டீலர் என்பதும் உங்களுக்குச் சாதகம். பழைய பென்ட்லி கார் ஒன்று ஓடிய மைல் கணக்கைத் தவறாகச் சொன்ன டீலரை 1965இல் அதே நீதிமன்றம் பொறுப்பாளியாக்கியது. உண்மையை அறியும் வசதி அவரிடம்தானே இருந்தது என்று கேட்டார் நீதிபதி டென்னிங்.

டீலரின் வக்கீல் ‘ஓல்டு நம்பர் ஒன்’ வழக்கைக் கட்டாயம் எடுப்பார். பிரான்ஸின் லெ மான் கார் பந்தயத்தை 1929, 1930 இரண்டு ஆண்டும் வென்ற பென்ட்லி அது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்தபின், பாகங்கள் மாறிவிட்டன, இது அந்தக் காரே அல்ல என்று வாங்கவிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். பாகங்கள் மாறினாலும் வண்டியின் வரலாற்றில் அறுபடாத தொடர்ச்சி இருக்கிறது, அந்தக் காரேதான் என்று 1990இல் விற்பவர் பக்கம் தீர்ப்பானது. உங்கள் சலூனுக்கும் தொடர்ச்சி உண்டுதான், ஆனால் அது முல்லினர் கைக்குப் போகாத தொடர்ச்சி. ஆகவே இந்தத் தீர்ப்பு உங்களுக்கு எதிரானதல்ல.

இனி சான்று. மதிப்பீட்டாளர் வாயால் சொன்னது போதாது. ரோல்ஸ்ராய்ஸ் ஒவ்வொரு சேஸிக்கும் (காரின் அடிச்சட்டம்) எழுதிவைத்த அட்டைகள் இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற ஊரில், ரோல்ஸ்ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. கட்டணம் செலுத்திச் சேஸி எண்ணைக் கொடுத்தால் நகல் தருவார்கள். எந்த பாடியோடு வெளியே போனது என்பது அதில் தெரியும். பிறகு, இந்த வண்டிகளைப் பழகிய ஒருவரிடம் கதவு நீட்டிய இடம், கதவுத் தூண் நகர்த்திய இடம், வெல்டிங் தடம் எல்லாவற்றையும் படத்தோடு அறிக்கையாக வாங்குங்கள். அதில் நீங்கள் வாங்கிய தேதிக்கு இரண்டு விலைகள் வேண்டும்: உண்மையான முல்லினர் வண்டியாக இருந்திருந்தால் எவ்வளவு, இருக்கிற நிலையில் எவ்வளவு. அந்த வித்தியாசம்தான் இழப்பீட்டின் அடிப்படை.

முழுப் பணம் கடினம் என்றேனே, எட்டு மாதம் வைத்திருந்ததால் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று சொல்ல இடமிருக்கிறது. ஜான் கான்ஸ்டபிள் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்தது என்று நம்பி ஓர் ஓவியத்தை வாங்கியவர் ஐந்து ஆண்டு கழித்துத் திருப்பித் தர முயன்றபோது, 1950இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. டீலர் தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் உங்கள் நிலை வெகுவாக மேம்படும். அவர் வண்டியை வாங்கியபோது கிடைத்த தாள்களைக் கேட்டு எழுதுங்கள்.

உண்மை தெரிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போகட்டும். வண்டியைத் திருப்பித் தருகிறேன், இல்லையேல் விலை வித்தியாசத்தைக் கொடு என்று இரண்டையும் அதில் கேளுங்கள். விவகாரம் முடியும்வரை வண்டியை ஓட்டாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள், விற்பனைக்கு விளம்பரம் போடாதீர்கள்; எதைச் செய்தாலும் ‘ஏற்றுக்கொண்டார்’ என்ற வாதத்துக்கு வலு சேரும். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் ஊர் வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ‘முல்லினர்’ என்று எழுதிய அந்த அசல் பில்லை மட்டும், திருத்தித் தருகிறேன் என்று டீலர் கேட்டால்கூடக் கையைவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.